படத்தில் இல்லாத மேசை

மூன்றாவது முறையும் அது வட்டமாகவே வந்து நின்றது.

தேவிகா பென்சிலை மேசைமேல் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். சுவரில் ஒட்டியிருந்த பெரிய சார்ட் தாளில் கட்டங்களும் அம்புகளும் நிறைந்திருந்தன. ஒவ்வொரு கட்டமும் தொழிற்சாலையின் ஒரு பிரிவு. ஒவ்வோர் அம்பும் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒரு தாள். வாடிக்கையாளர் எழுதிய கடிதம் இடப்பக்கம் உள்ளே வருகிறது. வலப்பக்கம் பார்சலாக வெளியே போயிருக்க வேண்டும். ஆனால் நடுவில், ஆர்டர் ஆபீசுக்கும் ஸ்டோர்ஸுக்கும் இடையே, இரண்டு அம்புகள் ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு சுற்றின. ஆர்டருக்கு நம்பர் போட வேண்டுமென்றால், சரக்கு இருக்கிறது என்று ஸ்டோர்ஸ் ஒரு ஸ்டாக் சிலிப் கொடுக்க வேண்டும். ஸ்டோர்ஸ் அந்த சிலிப்பை எழுத வேண்டுமென்றால், அதில் குறிக்க ஆர்டர் நம்பர் வேண்டும்.

படம் சொல்வது உண்மையென்றால் அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஒரு போல்ட் கூட வெளியே போக வழியில்லை. ஆனால் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபோதே ஒரு பார்சல் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

1998 ஜூன் மாதம். மூன்று வருடமாக அவள் தங்க வயலின் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் விடியற்காலை வண்டியைப் பிடித்து, பெங்களூரில் பதினோரு பேர் வேலை செய்யும் ஒரு சாப்ட்வேர் கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அந்தக் கம்பெனிக்கே கோலார் தங்க வயலிலிருந்து ஒரு வேலை வந்தது. மண் தோண்டும் இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்யும் தனியார் தொழிற்சாலை அது. எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஒரு சிலிண்டர் சீல் கேட்டால் போய்ச் சேர ஒரு மாதம் ஆகிறது, அதற்குள் வாடிக்கையாளரின் இயந்திரம் வெயிலில் நின்று துருப்பிடிக்கிறது என்று புகார்மேல் புகார். கம்ப்யூட்டர் வைத்தால் வேகமாகிவிடும் என்று ஒர்க்ஸ் மேனேஜர் மஞ்சுநாத் நம்பினார்.

"உங்க ஊருதானே, நீயே போ," என்றார் அவளுடைய மேலாளர் விநாயக். "மூணு வாரத்துல எல்லா வேலையும் எப்படி நடக்குதுன்னு படம் போட்டு, மஞ்சுநாத்கிட்ட கையெழுத்து வாங்கிடு. அதை வெச்சு பசங்க ப்ரோகிராம் எழுதிடுவாங்க."

வண்டி பிடிக்காமல் நடந்தே வேலைக்குப் போகலாம் என்ற சந்தோஷம் முதல் நாளோடு போய்விட்டது. அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வதைக் கேட்டு, ஒரு தாளில் கட்டம் கட்டி, அம்பு போட்டு இணைக்கும்போது, சொன்னவர்களுக்கே தெரியாத ஒன்று மெல்லத் தலைகாட்டும். அந்தக் கணத்துக்காக அவள் சாப்பாட்டையும் மறப்பாள். இப்போது தலைகாட்டியிருப்பது அவளையே மிரட்டியது.

"இன்னாம்மா இது, தினமும் ரங்கோலி பெரிசாயிட்டே போகுது?" என்று எட்டிப் பார்த்தார் மஞ்சுநாத். கன்னடக்காரர், இருபது வருடமாகத் தங்க வயல் தமிழ் பேசிப் பேசி அவர் தமிழும் அப்படியே ஆகியிருந்தது. "வெள்ளிக்கிழமை விநாயக் வர்றாரு. அன்னிக்கு சைன் போடணும், கொத்தா, புரிஞ்சுதா?"

"முடிச்சிடறேன் சார்," என்றாள். எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

முதலில் ஆர்டர் ஆபீசுக்குப் போனாள். அங்கே எல்லாம் கோவிந்தம்மாதான். நாற்பது வயது, காதில் எப்போதும் ஒரு பென்சில், யார் வந்தாலும் ரிஜிஸ்டரிலிருந்து கண்ணை எடுக்காத பழக்கம்.

"அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சிலிப் வராம என்னிக்காவது நம்பர் போட்டிருக்கீங்களா?"

"இன்னா தேவிகா, மறுபடியும் அதே கேள்வியா? சிலிப் இல்லாம நம்பர் போட்டா என் சீட்டே கிழிஞ்சிடும். சரக்கு இல்லாததுக்கு நம்பர் போட்டு ஒரு தபா பெரிய ரகளை ஆயிடுச்சு. அப்போலேந்து ரூல்."

தொழிற்சாலையின் மறுகோடியில், லாரி போகும் பாதையைத் தாண்டி இருந்தது ஸ்டோர்ஸ். அதன் பொறுப்பாளர் ஹரோல்ட். ஐம்பத்து நாலு வயது, மடிப்புக் கலையாத சட்டை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கோரஸ் பாடும் குரல்.

"நம்பர் இல்லாம சிலிப்பா? இந்தக் கை எழுதினதே கெடயாதும்மா. அதோ பாரு, ஃப்ரேம் போட்டு மாட்டி வெச்சிருக்கேன்." சுவரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது அந்த உத்தரவு. 1994, கீழே மஞ்சுநாத்தின் கையெழுத்து.

இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் மாதிரித் தெரியவில்லை. இரண்டு பேர் சொல்வதும் சேர்ந்து உண்மையாகவும் இருக்க முடியாது.

சொல்வதை வைத்து வரைந்தது போதும், நடந்ததை வைத்துப் பார்ப்போம் என்று டெஸ்பாட்ச் ஷெட்டுக்குப் போனாள். பார்சல் கட்டும் வேலு, பெரிய ரிஜிஸ்டரை எடுத்துக் கொடுத்துவிட்டு, உட்கார ஒரு மரப்பெட்டியையும் தள்ளிவிட்டார். தேவிகா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஸ்டோர்ஸிலிருந்து சரக்கு வந்த தேதிகளைக் குறித்துக்கொண்டே போனாள். நாலாவது பக்கத்தில் அவள் கை நின்றது.

"வேலு, இங்க காலண்டர் இருக்கா?"

"இருக்குதே, இன்னா?"

"சீக்கிரம் குடுங்க, சீக்கிரம்!"

ஆணியோடு பிடுங்கிக் கொடுத்தார். தேவிகா ஒவ்வொரு தேதியாக வைத்துப் பார்த்தாள். வியாழன். அடுத்ததும் வியாழன். மூன்று மாதமாக, ஸ்டோர்ஸிலிருந்து சரக்கு வந்ததெல்லாம் வியாழக்கிழமை மட்டும்தான். எண்ணிப் பார்த்தாள். ஒரு வியாழனுக்கு ஆறு. அடுத்த வியாழனுக்கும் ஆறு. அவள் ஏற்கெனவே குறித்து வைத்திருந்த கணக்கில், கடிதம் நாலு வந்த வாரத்திலும் ஆறு, எட்டு வந்த வாரத்திலும் ஆறு. ஏழு கூட இல்லை, ஐந்தும் இல்லை!

ஒரே ஒரு வாரம் மட்டும் ஒன்றுமே இல்லை. ஏப்ரல் மாதக் கடைசி. அந்த வியாழக்கிழமை தொழிற்சாலை ஓடியிருக்கிறது, ஆனால் ஒரு சரக்கும் வரவில்லை. அதற்கு முந்தின நாளில் சிவப்பு எழுத்து. பசவ ஜெயந்தி. விடுமுறை.

"வேலு, அப்படின்னா புதன்கிழமைதான்!" என்று கத்தியபடி எழுந்தாள். "வியாழன்ல இல்ல, புதன்லதான் ஏதோ நடக்குது!"

வேலுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அவளுடைய முகத்தைப் பார்த்து அவரும் சிரித்தார். "நாளைக்கே புதன்தான். போய்ப் பாரு."

அவள் அதற்குள் ஆர்டர் ஆபீஸை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மா வெளியே போயிருந்தாள். ரிஜிஸ்டர் திறந்தே கிடந்தது. தேவிகா ஜன்னல் வெளிச்சத்தில் அதைச் சாய்த்துப் பிடித்தாள். நீல மையில் எழுதிய ஒவ்வொரு நம்பருக்கும் அடியில், சரியாக அழியாமல், அதே நம்பர் பென்சிலில் இருந்தது. மை வருவதற்கு முன்னால் பென்சில் வந்திருக்கிறது. அதாவது சிலிப் வருவதற்கு முன்னாலேயே நம்பர் பிறந்துவிட்டது. அது எப்படி அந்தக் கோடியில் இருக்கும் ஹரோல்டுக்குத் தெரிகிறது என்பதுதான் மிச்சம்.

மறுநாள் காலையிலிருந்து தேவிகா கோவிந்தம்மாவை விட்டு அகலவில்லை. பதினொரு மணி, பன்னிரண்டு மணி, ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மணிக்குச் சங்கு ஊதியதும் கோவிந்தம்மா கேன்டீனுக்குக் கிளம்பினாள். தேவிகாவும் கூடவே போனாள்.

புதன்கிழமை கேன்டீனில் பிரியாணி. சமையல்காரர் ஆம்பூர்க்காரர் என்பதால் அன்றைக்கு மட்டும் வரிசை வாசல்வரை நிற்கும். மற்ற நாட்களில் ஸ்டோர்ஸிலேயே வீட்டு டிபனைச் சாப்பிட்டுவிடும் ஹரோல்டும் அன்று வந்திருந்தார். ஜன்னல் ஓரத்து மூன்றாவது மேசையில் கோவிந்தம்மாவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். தேவிகா அடுத்த மேசையில் தட்டை வைத்துக்கொண்டு காதைத் தீட்டினாள்.

வெங்காயப் பச்சடி பற்றிப் பேசினார்கள். மழை பற்றிப் பேசினார்கள். பிறகு கோவிந்தம்மா, அதே குரலில், மழையைப் பற்றியே பேசுவது போல், "நாலு நாப்பத்தொண்ணு, ஹோஸ்பேட்டை, சீல். நாலு நாப்பத்திரெண்டு, பெல்லாரி, பிஸ்டன் ராடு," என்று ஆரம்பித்தாள். ஹரோல்ட் வலது கையால் பிசைந்துகொண்டே இருந்தார். மேசைக்கு அடியிலிருந்து இடது கையை எடுத்துத் திருப்பினார். கோவிந்தம்மா காதிலிருந்த பென்சிலை எடுத்தாள்... இல்லை, அது பேனா. ஹரோல்டின் உள்ளங்கையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். ஆறாவது வரியில் மணிக்கட்டு வந்துவிட்டது.

"அவ்ளோதான், எடமில்ல," என்றார் ஹரோல்ட். "மீதி அடுத்த வாரம்."

தேவிகா தன்னை மறந்து எழுந்துவிட்டாள். "கை! ஒரு கையில ஆறுதான் பிடிக்கும்!"

பக்கத்து மேசைகள் திரும்பின. ஹரோல்ட் இடது கையைச் சட்டென்று மூடினார். கோவிந்தம்மாவின் முகம் வெளுத்தது.

"உக்காரு," என்றாள் மெதுவாக. "கத்தாத. உக்காரு."

தேவிகா உட்கார்ந்தாள். சந்தோஷத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது. எதிரில் இருந்த இருவரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது கொஞ்சம் அடங்கியது.

"ரெண்டு ரூலையும் அப்டியே பார்த்தா ஒரு சாமானும் வெளிய போவாது தேவிகா," என்றாள் கோவிந்தம்மா. "ஆளுங்க மெஷினை நிறுத்திட்டு லெட்டர் மேல லெட்டர் போடறாங்க. இன்னா பண்றது? நான் பென்சில்ல ஒரு நம்பர் போட்டுச் சொல்றேன். அவரு சிலிப் எழுதி அனுப்பறாரு. வந்ததும் நான் மை வெக்கிறேன்."

"போன்ல சொல்லிடலாமே அக்கா? இண்டர்காம் இருக்கே?"

"தாள்ல எழுதினா சாட்சி, எக்ஸ்சேஞ்ச்ல பத்து காது இருக்குதும்மா," என்றார் ஹரோல்ட். "எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் கீது. நீ இதை அந்தப் படத்துல போட்டன்னா, எனக்கு முதல்ல மெமோ, அப்பறம் சார்ஜ் ஷீட்."

தேவிகா தட்டை ஒதுக்கி வைத்தாள். பிரியாணி தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. அப்புறம் அவள் ஒன்றைச் சொன்னாள். அதைச் சொல்லும்போதே அதன் முழு அர்த்தமும் அவளுக்கு உறைத்தது.

"சார், நான் இதைப் போடலைன்னா, படத்துல இருக்கிற ரெண்டு ரூலை மட்டும்தான் கம்ப்யூட்டருக்குள்ள எழுதுவாங்க. கம்ப்யூட்டர் பென்சில்ல நம்பர் போடாது. புதன்கிழமை இங்க வந்து சாப்பிடவும் சாப்பிடாது. சிலிப் எங்கேன்னு கேட்கும், நம்பர் எங்கேன்னு கேட்கும். அதோட நின்னுடும். வாரத்துக்கு ஆறு கூடப் போகாது. ஒண்ணுகூடப் போகாது."

ஹரோல்ட் உள்ளங்கையை விரித்து அந்த ஆறு வரிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சொல்லாம நான் போடமாட்டேன்," என்றாள் தேவிகா. "அது மட்டும் சத்தியம்."

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு மஞ்சுநாத்தின் அறையில் எல்லோரும் கூடினார்கள். பெங்களூரிலிருந்து விநாயக் வந்திருந்தார். பிரிவுக்கு ஒருவராக ஆறேழு பேர். ஹரோல்டும் கோவிந்தம்மாவும் கதவோரம் நின்றார்கள். முந்தின நாள் முழுக்க இருவரும் அவளிடம் பேசவில்லை.

தேவிகா சார்ட்டை விரித்து ஒட்டினாள். அந்த இரண்டு அம்புகளையும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் தடிமனாக வரைந்திருந்தாள். கடிதத்தில் விரலை வைத்து, அம்பு போகிற போக்கில் விரலை நகர்த்தினாள். ஆர்டர் ஆபீஸ். ஸ்டோர்ஸ். மறுபடி ஆர்டர் ஆபீஸ். மறுபடி ஸ்டோர்ஸ். நாலு சுற்று சுற்றியதும் யாரோ சிரித்தார்கள்.

மஞ்சுநாத் சிரிக்கவில்லை. "இது எப்படிம்மா சரியாகும்? வாரத்துக்கு ஆறு பார்சல் போகுதே."

"போகுது சார். அது எப்படிப் போகுதுங்கிறதுதான் இந்தப் படத்துல இல்ல."

"ஏன் இல்ல?"

அவள் கதவோரம் நின்ற இருவரையும் பார்த்தாள். விநாயக் அவள் பக்கம் சாய்ந்து, "சைன் வாங்கிட்டுப் போயிடலாம், அப்புறம் பார்த்துக்கலாம்," என்று முணுமுணுத்தார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

கதவோரத்திலிருந்து ஹரோல்ட் நடந்து வந்தார். அவள் கையிலிருந்த ஸ்கெட்ச் பேனாவை வாங்கினார். இரண்டு சிவப்பு அம்புகளுக்கும் நடுவில், ஒரு நீள்சதுரம் வரைந்தார்.

"இது கேன்டீன் மேசை சார். ஜன்னல் ஓரம், மூணாவது."

கோவிந்தம்மாவும் முன்னால் வந்தாள். அந்த நீள்சதுரத்துக்குள் ஆறு கோடு போட்டாள். பிறகு பென்சில் நம்பரிலிருந்து உள்ளங்கைவரை எல்லாவற்றையும், நிறுத்தாமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "மெமோ குடுக்கறதுன்னா எனக்கும் சேர்த்துக் குடுங்க," என்று முடித்தாள்.

மஞ்சுநாத் எழுந்து சார்ட்டுக்கு மிக அருகில் போனார். ஒரு சிவப்பு அம்பைத் தொட்டார். "இந்த ரூல் யாரு போட்டது?"

"உங்களுக்கு முன்னாடி இருந்தவரு சார்," என்றாள் கோவிந்தம்மா.

"இது?" என்று அடுத்த அம்பைத் தொட்டார்.

ஹரோல்ட் மரியாதையாகக் கீழே பார்த்தார். மஞ்சுநாத்துக்கே நினைவு வந்துவிட்டது. அவர் காது சிவந்தது. கோபமா வெட்கமா என்று தேவிகாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அவர் தோள்கள் குலுங்கின. சிரிப்பு.

"அய்யய்யோ! நாலு வருஷமா நான் பூட்டிட்டே இருக்கேன், நீங்க ரெண்டு பேரும் புதன்கிழமை புதன்கிழமை தெறந்துட்டே இருக்கீங்க!"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மேசைமேல் இருந்த போன் அடித்தது. எடுத்துக் கேட்ட மஞ்சுநாத்தின் முகம் மாறியது. ஷிமோகா பக்கத்தில் கால்வாய்க் கரை பலப்படுத்தும் இடத்திலிருந்து வாசு என்ற இன்ஜினியர் பேசினார். பத்து நாளாக இயந்திரம் நிற்கிறது, மேலே மழை பிடித்துவிட்டது, கரையில் பாதி இன்னும் திறந்தே கிடக்கிறது, சீல் எங்கே என்று கேட்டார்.

மஞ்சுநாத் ரிசீவரின் வாயைப் பொத்தியபடி கோவிந்தம்மாவைப் பார்த்தார். "அவரு லெட்டர்?"

"என் ட்ரேல இருக்குது சார். எட்டாவது."

எட்டாவது என்றால் இன்னும் இரண்டு புதன்கிழமை. எல்லோர் கண்ணும் தேவிகாமேல் விழுந்தது.

அவள் அதற்குள் புதுச் சார்ட் ஒன்றைச் சுவரில் அறைந்து ஒட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு இரவாக மனதுக்குள் வரைந்து வரைந்து பார்த்ததுதான். "சார், நம்பருக்கு ரெண்டு அர்த்தம் வெச்சிருக்கோம். லெட்டர் வந்திருக்குன்னு ஒண்ணு, சரக்கு இருக்குன்னு ஒண்ணு. அதைப் பிரிச்சிடலாம். லெட்டர் வந்த நிமிஷமே நம்பர். சரக்கு இருந்தாலும் இல்லாட்டாலும் நம்பர். அதே தாளோட கீழ்ப்பாதியில ஸ்டோர்ஸ் எழுதட்டும், இருக்கு, இல்லன்னு. இருந்தா நேரா டெஸ்பாட்ச். இல்லன்னா ப்ரொடக்‌ஷன். ரெண்டு தாள் வேண்டாம், ஒரே தாள்!" பேசப் பேசப் பேனா ஓடியது. அம்புகள் இடமிருந்து வலமாக, ஒன்றுகூடத் திரும்பி வராமல், போய் முடிந்தன.

ஹரோல்ட் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஸ்டோர்ஸ்லேந்து சாமான் நம்பர் இல்லாம வெளிய போவக்கூடாது. அந்த ரூலை மீறலையே?"

"மீறலை சார். நம்பர் தாள்லயே இருக்கு."

"அப்போ எனக்குச் சரி."

"மாடி நோடோணா," என்றார் மஞ்சுநாத். செய்துதான் பார்ப்போமே. போனில், "வாசு சார், இன்னிக்கே கெளம்பிடும்," என்றார். சொல்லிவிட்டு, தானே பயந்தவர் போலக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பது.

அதன்பிறகு யாரும் நடக்கவில்லை, ஓடினார்கள். கோவிந்தம்மா மையிலேயே நம்பர் போட்டாள், முதல் முறையாகப் பென்சில் இல்லாமல். தேவிகா அந்தத் தாளோடு லாரிப் பாதையைத் தாண்டி ஓடினாள். ஹரோல்ட் ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து சீல் பெட்டியை இறக்கி, கீழ்ப்பாதியில் 'இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பரிசோதனைப் பிரிவில் ஆள் சாப்பிடப் போயிருந்தார். மஞ்சுநாத்தே போய்க் கூட்டி வந்தார். ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் தேவிகா தாளின் ஓரத்தில் மணியைக் குறித்தாள். வேலு பெட்டியைச் சணல் கயிறு போட்டுக் கட்டி முடித்தபோது மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

பார்சல் ஆபீசை நம்ப வேண்டாம், கையிலேயே கொண்டுபோகிறேன் என்றார் வேலு. பெங்களூர் வரை ரயில், அங்கிருந்து ஷிமோகாவுக்கு பஸ். விநாயக்கின் காரிலேயே அவரைச் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. தேவிகாவும் வேலுவும் பெட்டியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடினார்கள். வண்டி நகர்ந்தபோது வேலு வாசலில் நின்று, "ஒரு நாள்! ஒரே நாள்ல போவுது பாரு!" என்று கத்தினார்.

"ப்ரோகிராம் எழுத இன்னும் ரெண்டு வாரம் தள்ளிப் போகும், தெரியுமில்ல?" என்றார் விநாயக், வண்டி போன பிறகு.

"தெரியும் சார்."

"நான் காலைலயே சைன் வாங்கியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கே மஞ்சுநாத் போன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். மெமோ பற்றி ஹரோல்ட் கேட்டதற்கு, "எதுக்கு மெமோ? ஃப்ரேம் போட்ட அந்த உத்தரவைக் கழட்டிடுங்க, அது போதும்," என்றார். கோவிந்தம்மா ஒரு வேலையும் ஓடாமல் ரிஜிஸ்டரை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். தேவிகாவுக்கு உட்கார முடியவில்லை. பஸ் நின்றிருந்தால்? சீல் அளவு தவறியிருந்தால்?

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. வாசுவின் குரல் இரைச்சலுக்கு நடுவே வந்தது. மஞ்சுநாத் காதிலிருந்து ரிசீவரை எடுத்து எல்லோருக்கும் நடுவில் நீட்டினார். முதலில் மழைச் சத்தம் மாதிரி ஏதோ கரகரத்தது. பிறகு அடித்தொண்டையில் ஓர் உறுமல் எழுந்தது. இயந்திரம் மண்ணை அள்ளுகிற சத்தம்.

"கேட்குதா? கேட்குதா சார்?" என்றார் வாசு.

"கேட்குது! கேட்குது!" என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.